குளவிக்குச் சிங்களத்தில் என்ன பெயர்

நான் வேலை பார்க்கும் தோட்டத்து டிஸ்பென்சரியில், கதவுக்குப் பின்னால் ஒரு படங்கு தொங்குகிறது. கொழுந்தெடுக்கும் பெண்கள் செடி கிழிக்காமல் இருக்க, பனியில் சேலை நனையாமல் இருக்க, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த சாக்குத் துணிதான் அது. தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப் போயிருக்கும். கட்டுகிற நாடா அறுந்துபோனதால் அந்த இடத்தில் நீலச் சேலையின் கரையைக் கிழித்துத் தைத்திருக்கும். வெள்ளைச் சுவரும் மருந்து வாடையுமாக இருக்கிற இடத்தில் இந்தப் பழங்கந்தல் எதற்கு என்று பார்வையிட வருகிற பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக் கேட்பார்கள். "குளவிக்குங்க" என்பேன். அவர்களுக்கு அந்தப் பதில் போதும். அந்த நீலக் கரையைத் தைத்தது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

தைத்தது என் அத்தாச்சி. அப்பாவின் அக்கா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளும் என்னைப் போலவே தோட்டத்து வைத்திய உதவியாளர்தான். அவள் இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் கொட்டகலைப் பக்கம். எங்கள் இரண்டு பேரையுமே சனங்கள் டொக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் டொக்டர் இல்லை, காய்ச்சலுக்கும் காயத்துக்கும் மருந்து கொடுத்து, மிஞ்சினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்கள் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "சரிங்க டொக்டரம்மா" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். இந்தப் பெயரை அவள் எனக்கு முன்னால் வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் வளர்ந்தது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஒரே லயத்தில், சுவருக்குச் சுவர் ஒட்டிய காம்பரா வீடுகளில். மாமா லொறி ஓட்டினார். அவர் வேலையை முன்னிட்டு அத்தாச்சியின் குடும்பம் கொஞ்ச காலம் கினிகத்தேனைப் பக்கம் சிங்களக் குடும்பங்களுக்கு நடுவே குடியிருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வரும்போது ஒரு தையல் மெசினும், அத்தாச்சியின் வாய் நிறையச் சிங்களமும் கொண்டு வந்தார்கள். எங்கள் லயத்தில் அந்தச் சிங்களத்துக்கு இருந்த மவுசு, குவைத்தில் அம்மா இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது. பொலிசுக்குப் போவதா, அரசாங்கக் கச்சேரிக்குப் போவதா, பஸ்ஸில் மீதிக் காசு கேட்பதா, எல்லாவற்றுக்கும் "புள்ளைய கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். அந்தப் புள்ளை அவள்தான். பள்ளிக்கூடத்துச் சிங்களப் பாடத்தில் படம் பார்த்துப் படித்த சொற்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும். யானைப் படத்துக்குக் கீழே அலியா. தேனீப் படத்துக்குக் கீழே மீமெஸ்ஸா. இவ்வளவுதான் என் சொத்து.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். அத்தாச்சி ஏற்கெனவே இரண்டாம் தடவை எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கக் கூப்பிடுவார்கள். விருப்பப்பட்டவர்கள் போகலாம், எடுத்த கொழுந்துக்கு அன்றைக்கே காசு. நாங்கள் இரண்டு பேரும் போனோம். உச்சி மலையில் ஒரு சவுக்கு மரத்தில் குளவிக் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. காற்றடித்ததோ, கழுகு தட்டியதோ, திடீரென்று கீழ் நிரையில் ஒரு கத்தல். கூடையைப் போட்டுவிட்டு எல்லாரும் சிதறி ஓடினார்கள். நான் ஓடத் தெரியாமல் ஓடி, மழைத் தண்ணி போகிற கானுக்குள் முகங்குப்புற விழுந்தேன். ஏற்கெனவே கழுத்திலும் காதிலும் கொட்டியாயிற்று. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது என் மேல் ஒரு பாரம் விழுந்தது. அத்தாச்சி, நீலக் கரை தைத்த தன் இடுப்புப் படங்கை அவிழ்த்து என்னை மூடி, அதன் மேல் அவளே படுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே சாக்கு வாடையும் இருட்டும். வெளியே அந்த ரீங்காரம். "போயிருச்சா அத்தாச்சி?" என்று கேட்டேன். "போயிருச்சு போயிருச்சு. அழாத. அசையாம கெட" என்றாள். அவள் அதைச் சொன்னபோது குளவி போகவில்லை. அவளுடைய முதுகிலும் பிடரியிலும் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அத்தை ஓவென்று அழுதாள். நான் பயப்படக் கூடாது என்று அப்படி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்க்காக அவளைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த ஒரு பொய்யைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அன்று ஞாயிறு என்பதால் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கொட்டு வாங்கினவர்களைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். என் மேல் போர்த்தியிருந்த அந்தப் படங்கு அதற்குப் பிறகு என்னிடமே தங்கிவிட்டது. எங்கள் எதிர்க் காம்பராச் சித்தி என் பக்கத்தில்தான் படுத்திருந்தார். மூச்சு இழுத்து இழுத்து, ஏரிக்கரை வளைவு வருவதற்குள் நின்றுவிட்டது. ஒரு ஊசி, நேரத்துக்குப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த ஒரு ஊசிதான் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரிய டொக்டராகப் படிக்க என் மார்க் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு ஊசியைப் போடத் தெரிந்த ஆளாக நான் ஆகியே தீர வேண்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு வேறு எந்த வேலையையும் நான் ஆசைப்பட்டதில்லை.

வைத்திய உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். அத்தாச்சியும் போடுகிறேன் என்றாள். அதுவும் எனக்குச் சந்தோசம்தான். எழுத்துப் பரீட்சையில் இரண்டு பேரும் பாஸ். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். "நம்ம பக்கத்துக்கு ஒரே ஒரு ஆளத்தான் எடுப்பாங்களாம்" என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். "யாருக்குக் கெடச்சா என்ன, ஒரே வீடுதானே" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் சேலைக்கு அத்தாச்சிதான் மடிப்பெடுத்துப் பின் குத்திவிட்டாள். அட்டனில் இருந்து ரயிலில் போகும்போது அவள் தோளில் சாய்ந்து தூங்கினேன்.

நேர்முகம் தமிழில் நடந்தது. நன்றாகவே சொன்னேன். குளவிக் கதையைச் சொன்னபோது நடுவில் இருந்த பெரியவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு உடல் பரிசோதனை. அங்கே இருந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கிற நர்ஸ் மிஸ் சாப்பிடப் போய்விட்டார். யாருக்காவது சிங்களம் தெரியுமா என்று டொக்டர் வரிசையைப் பார்த்துக் கேட்க, எனக்குப் பின்னால் நின்ற அத்தாச்சி கையைத் தூக்கினாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொலிசிலும் கச்சேரியிலும் எங்களுக்காகப் பேசின வாய்தானே.

டொக்டர் ஏதோ கேட்டார். "நோய் நொடி எதுவும் இருக்கான்னு கேக்குறாரு" என்றாள். "ஒன்னும் இல்லைங்க" என்றேன். அவள் அவரிடம் திரும்பிச் சொன்னது என் இரண்டு சொல்லைவிட நீளமாக இருந்தது. அதற்குள் 'மீமெஸ்' என்று ஒன்று காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த சொல். தேனீ. டொக்டர் நிமிர்ந்து என்னை உற்றுப் பார்த்தார். "ஒனக்குக் குளவி கொட்டுனத சொன்னேன் புள்ள. மயங்கி விழுந்தியான்னு கேக்குறாரு."

"ஆமாங்க, விழுந்தேன்." பெரிதாகத் தலையாட்டினேன். உள்ளே ஒரே பெருமை. இங்கே நான் சொல்ல மறந்ததை எனக்காக எடுத்துச் சொல்கிறாளே.

"அதுக்கு மருந்து எடுத்தியான்னு கேக்குறாரு."

"எடுத்தேன்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் கையை மெல்லத் தட்டி, "ஹொந்தய் துவ" என்றார். சரி மகளே. அதுவும் எனக்குப் புரிந்த சொல்தான். வெளியே வந்து அத்தாச்சியைக் கட்டிக்கொண்டு, டொக்டர் என்னை மகளே என்று கூப்பிட்டதைச் சொன்னேன். "நல்ல மனுசன்" என்றாள் அவள்.

அவளுக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. எங்கள் லயத்தில் இருந்து முதல் தடவையாக ஒருத்தி அந்தப் படிப்புக்குப் போகிறாள் என்று தோட்டமே கூடிவிட்டது. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அவளுடைய பெட்டியை நான்தான் பஸ்ஸுக்குத் தூக்கிப் போனேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் என் தலையைத் தடவி, "இண்டர்வியூவுல நீ ரொம்பப் பயந்துட்ட புள்ள. மூஞ்சியிலயே தெரிஞ்சிச்சு. அடுத்த வாட்டி தைரியமா இரு" என்றாள்.

இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. இடத்தை எடுத்துக்கொண்டாள், போகட்டும். கூடவே இதையும் ஏன் கொடுத்துவிட்டுப் போனாள்? நான் பயந்தாங்கொள்ளி என்று நானே நம்பினேன். கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, இந்த மூஞ்சிக்கு யார் தருவார்கள் என்று நினைத்திருக்கிறேன். பேச எழுந்தால் வாய் குழறத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அந்தக் கிள்ளு வாங்கின பிள்ளைக்கு ஆட்டுகிற கை மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை ஆள் எடுக்கிறவரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று நுவரெலியாவில் ஒரு பார்மசியில் வேலைக்குச் சேர்ந்தேன். அறிவுக்குப் படிந்ததோ இல்லையோ, சிங்களம் நாக்குக்குப் படிந்தது. விலை சொல்ல, மாத்திரை எப்போது போட வேண்டும் என்று சொல்ல, கடன் கேட்பவரைச் சிரித்துக்கொண்டே அனுப்ப. குளவி கொட்டினவர்கள் வருவார்கள். தெபரு, தெபரு என்பார்கள். மீமெஸ்ஸா என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. குளவியைத் தேனீ என்று அத்தாச்சி அவசரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள், ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துக்கொண்டேன்.

மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தனியாகப் போனேன். பரிசோதனை அறையில் ஒரு பெண் டொக்டர். சிங்களத்தில் கேட்கட்டுமா என்றார், கேளுங்கள் என்றேன். மந்திரம் ஓதுகிற மாதிரி நோய்களை அடுக்கிக்கொண்டே போனார். நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "மீமெஸ்மொர?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மலையில தேனீ இல்ல மிஸ், தெபருதான். அது ஒருக்கா கொட்டியிருக்கு" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல பெண்மணி. பிறகு பொறுமையாக விளக்கினார். மீமெஸ்ஸா என்றால் தேனீ, சரிதான். மீமெஸ்மொர என்பது வேறு. திடீரென்று விழுவார்கள், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். அதோ, தமிழில் நீங்கள் காக்காய் வலிப்பு என்பீர்களே, அது. பார்மசியில் அத்தனை நாள் நின்றும் அந்தச் சொல் என் காதில் விழாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த நோயை யாரும் வாய் விட்டுச் சொல்லி மருந்து வாங்குவதில்லை. மருந்து எழுதின துண்டை நீட்டிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள்.

"அப்போ, மயங்கி விழுந்தது உண்டா?" என்றார் அவர். "அதுக்கு மருந்து எடுத்தது உண்டா?"

அதே இரண்டு கேள்வி. அதே வரிசை. முன்னே ஒரு நாள் இந்த மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஆமாங்க விழுந்தேன், எடுத்தேன் என்று சிரித்த முகமாகத் தலையாட்டினது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த டொக்டர் என் கையைத் தட்டினது ஏன் என்றும் தெரிந்தது. வலிப்புக்காரப் பிள்ளை, பாவம் என்றுதான் அவர் என்னை மகளே என்று கூப்பிட்டிருக்கிறார். நேர்முகத்தில் நான் பயப்படவில்லை. என் மூஞ்சியிலும் ஒன்றும் தெரியவில்லை. "நெஹெ மிஸ்" என்றேன். இரண்டுக்கும் இல்லை.

என்னை எடுத்துக்கொண்டார்கள். செய்தி வந்தபோது மஸ்கெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தேன். போனில் அம்மா அழுதாள், அப்பா அழுதார். நானும் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எத்தனை காலம் ஏங்கின செய்தி. அது வந்த அன்றைக்கு அதைக் கையில் வைத்துக் கொண்டாடக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை. ஏரித் தண்ணீர் வளைவுக்கு வளைவு கூடவே வந்துகொண்டிருந்தது. சித்தி மூச்சு நின்ற வளைவில், அவருக்கு மட்டும் மனசுக்குள் செய்தியைச் சொன்னேன்.

அந்த வார முடிவில் அத்தாச்சி வந்தாள். அப்போது அவள் படிப்பு முடிந்து வேலையில் இருந்தாள். நுவரெலியாவில் இருந்து பெரிய கேக் ஒன்றை மடியில் வைத்து நசுங்காமல் கொண்டுவந்திருந்தாள். அம்மா முன்பக்கம் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்க, அவள் குசினியில் நின்று கேக்கை வெட்டினாள். நான் பீரிசுகளை எடுத்து வைத்தேன். சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அத்தாச்சி, குளவிக்குச் சிங்களத்துல என்னாங்க?"

"தெபரு" என்றாள், கேக்கைப் பார்த்துக்கொண்டே. "ஏன், பார்மசியில கத்துக்கலயா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது. கத்தி கேக்கில் பாதி இறங்கியபடி நின்றது. அவள் நிமிரவில்லை. அன்றைக்கு வாய் தவறிவிட்டது, நான் தேனீ என்றுதான் சொன்னேன், டொக்டர்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டார் என்று ஒரு பொய்யாவது சொல்வாள் என்று காத்து நின்றேன். சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவள் சொன்னதை நம்பித்தானே எனக்குப் பழக்கம்.

"அன்னைக்கு மலையில ஒன்ன மூடுனது யாரு புள்ள?" என்றாள்.

"நீங்கதான்."

"அத மறந்துறாத."

பாதியில் நின்ற கத்தியை இறக்கி, ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தாள். அம்மா உள்ளே வந்து, "தின்னு பாரேன், அத்தாச்சி ஒனக்காகத் தூக்கிட்டு வந்திருக்கா" என்றாள். தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளே, வேறென்ன செய்வது. அப்பாவுக்கு இருக்கிறது ஒரே அக்கா. இதைச் சொல்லி அந்த இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவரை உயர்த்த எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு அது தெரியும். நான் சொல்ல மாட்டேன் என்று தெரிந்துதான் அவ்வளவு தைரியமாகக் கேட்டாள்.

இன்றைக்கு அவள் நல்ல கைராசிக்காரி என்று பெயர் எடுத்திருக்கிறாள். இறம்பொடைப் பக்கத்து ஆட்கள் யாராவது வந்தால், உங்க அத்தாச்சி தங்கமான மனுசி என்பார்கள். பொய் இல்லை. மழையிலும் நடந்து போய் லயத்தில் நோயாளியைப் பார்க்கிறவள். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், வெறுத்துத் தொலைத்திருக்கலாம். விசேசங்களில் பார்த்தால் சிரிக்கிறோம். என் பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய சட்டையாக வாங்கி வருகிறாள். ஒருநாள்கூட அவள் மன்னிப்புக் கேட்டதில்லை. என் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த கணக்கில் அதைக் கழித்துக்கொண்டாள் போலும். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. உயிரைக் காப்பாற்றினவள் என்பதால்தானே அந்த அறையில் அவள் வாயை நான் என் வாயாக நினைத்தேன். வேறு யாராவது மொழிபெயர்த்திருந்தால் ஒரு சொல்லுக்கு இரண்டு தரம் கேட்டிருப்பேன்.

போன மழைக்குப் பிறகு எங்கள் தோட்டத்து மேல்மலையில் குளவி கலைந்தது. ஆள் ஓடி வந்து சொன்னதும், மருந்துப் பெட்டியை ஒரு கையிலும் கதவுக்குப் பின்னால் தொங்கின படங்கை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு ஏறினேன். ஒரு சின்னப் பெண், கலியாணமாகி வந்து அதிக நாள் ஆகவில்லை, செடிக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். படங்கால் மூடி அவள் மேல் நானும் குனிந்துகொண்டேன். உள்ளே இருந்து அவள் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"போயிருச்சுங்களா டொக்டரம்மா?"

போயிருச்சு, அழாத என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சாக்கு இருட்டுக்குள் இருந்து கேட்கிறவளுக்கு, வெளியே இருப்பவள் என்ன சொல்கிறாளோ அதுதான் உலகம். எனக்கு அது தெரியும்.

"இல்ல. இன்னும் இருக்கு" என்றேன். "அசையாத. போனதும் சொல்றேன்."

என் காதுக்குப் பின்னால் ஒன்று கொட்டியது. பிறகு இன்னொன்று. அதுகள் கலைந்து போன பிறகுதான் போயிருச்சு என்று சொன்னேன். அவள் கைக்கு ஊசி போட்டு, லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு டிஸ்பென்சரிக்குத் திரும்பினேன். படங்கை உதறிக் காயவைத்தேன். நீலக் கரையில் தையல் ஒரு இடத்தில் விட்டிருந்தது. ஊசியும் நூலும் மேசையில்தான் இருந்தன. தைக்கவில்லை. அப்படியே கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டேன்.